லண்டனுக்குக் கிளம்பிய கருவாடு

ஆம்பூரில் கடல் கிடையாது. பாலாற்றிலேயே பாதி வருஷம் தண்ணீர் கிடையாது. ஆனால் கப்பல் ஏஜெண்டு உண்டு. அவர் என் அப்பா. ரங்கூனோ, பினாங்கோ, சிங்கப்பூரோ, யார் கிளம்பினாலும் முதலில் எங்கள் வீட்டு முன்னறை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டாக வேண்டும். விண்ணப்பம் எழுதுவது நான். மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் இதற்காவது உதவட்டும் என்று அப்பா பேனாவைக் கையில் கொடுத்துவிட்டார். பெயர் எஸ்தர், வயது பதினாறு. எழுதுவது என் வேலை. யார் பேசினாலும் அவர் குரலிலேயே திருப்பிப் பேசிக் காட்டுவது என் வியாதி. வீட்டைச் சுருட்டிக்கொண்டு கடல் தாண்டப் புறப்பட்டு அவஸ்தைப்பட்ட அத்தனை பேருக்கும் இது சமர்ப்பணம். இன்னும் படாதவர்கள் அவசரப்பட வேண்டாம், உங்கள் முறையும் வரும்.

பாதிக் கடை

ஆரோக்கியம் அண்ணன் தோல் மண்டியில் கட்டு கட்டுகிறவர். பதம் பண்ணின தோல்களை அடுக்கி, கோணியில் சுற்றி, நாலு மூலையும் விறைப்பாக நிற்கும்படி தைத்து லண்டன் கப்பலுக்கு அனுப்புகிற வேலை. அவர் சம்சாரம் சலோமி அக்கா மாதனூர்க்காரி. மெஷினில் செருப்புக்கு மேல்தோல் தைப்பாள். ஊருக்குத் திரும்பிப் போன மிஷன் துரைசாணி ஒருத்தி விட்டுப்போன மெஷின் அது. சலோமி அக்கா கால் வைத்தால் அது பாடும். வேறு யார் கால் வைத்தாலும் நூலை அறுத்துக்கொண்டு நிற்கும்.

பினாங்கில் செருப்புக் கடை போட்டிருக்கும் அவளுடைய தம்பி எழுதியிருந்தான்: "மெஷினோடு வந்தால் கடையில் பாதி உங்களுக்கு. மெஷின் இல்லாமல் வந்தால் நீங்களும் இங்கே இன்னொருத்தனிடம் கூலிதான்." ஆக, போக வேண்டியது மூன்று உருப்படி: அண்ணன், அக்கா, மெஷின். அப்பா வழக்கம்போலப் பயமுறுத்த ஆரம்பித்தார். கப்பல் ஆடும், மேல்தட்டில்தான் படுக்கை, குடலே வெளியே வருகிற மாதிரி குமட்டும், "நான் சொல்றது வெளங்குதா?" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை கேட்டார். சலோமி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "தோலு ஊறுற சுண்ணாம்புத் தொட்டி நாத்தத்துல பொறந்து வளந்தவ நானு. கப்பல்ல எனக்கு இன்னா புதுசா கொமட்டப் போவுது, ஏஜெண்டய்யா?"

ஊருக்கே ஒரு கோட்டு

பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ வேண்டும். போட்டோவுக்கு வேலூர் போக வேண்டும். கோட்டைக்கு எதிரே ஒரு ஸ்டுடியோ. அங்கே ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும், நடுப்பொத்தான் இல்லாமல். எங்கள் பக்கத்திலிருந்து கப்பல் ஏறின ஆண்பிள்ளைகள் எல்லோரும் அந்தக் கோட்டுக்குள் ஒரு நிமிஷம் வாழ்ந்தவர்கள்தான். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "சிரி... ஜாஸ்தி சிரிக்காதே... கம்மி பண்ணு... அய்யோ, சுத்தமா நிறுத்திட்டியே!" என்று கத்துவார். ஆரோக்கியம் அண்ணன் அசையக் கூடாது என்றதற்கு மூச்சையும் பிடித்துக்கொண்டார். போட்டோவில் அவர் கண்கள் இரண்டும் யாரோ கழுத்தை நெரிப்பது போலப் பிதுங்கி வந்திருந்தன.

அதை எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த குமாஸ்தா போட்டோவைப் பார்த்தார். மேஜையில் கிடந்த வேறு நாலு போட்டோக்களையும் எடுத்துப் பக்கத்தில் வரிசையாக வைத்தார். ஐந்திலும் நடுப்பொத்தான் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "மனுஷனுங்க மாறி மாறிப் போறாங்க, சரி. இந்தக் கோட்டு எத்தினி வாட்டிதான் பினாங்குக்குப் போவும்?"

ஏட்டய்யா தொண்டை

ஆள் யோக்கியமா என்று போலீஸ் வந்து விசாரிக்க வேண்டும். எங்கள் ஏட்டய்யாவுக்குக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு "க்ஹும்" உண்டு. இப்படி ஒரு குரலைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருக்க முடியுமா? ஆரோக்கியம் அண்ணன் வீட்டுத் தட்டிக் கதவுக்குப் பின்னால் நின்று, "க்ஹும்! யார்றா இங்க ஆரோக்கியம்? வெளிய வாடா!" என்றேன். மனுஷன் சோற்றுக் கையோடு எழுந்து, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கும்பிட்டபடியே வெளியே ஓடிவந்தார். மறுநாளும் செய்தேன். மறுநாளும் ஓடிவந்தார், சட்டை மட்டும் நேராக இருந்தது.

அதற்கடுத்த நாள் நிஜ ஏட்டய்யாவே வந்துவிட்டார். வாசலில் நின்று, "க்ஹும். யார்றா இங்க ஆரோக்கியம்?" என்றார். உள்ளேயிருந்து பதில் வந்தது: "போடி வாயாடி! மூணு நாளா ஒரே பாட்டா? கஞ்சி காச்சிக் குடி, தொண்டை தொறக்கும்!" நான் எதிர் வீட்டுச் சுவரோரம் நின்றிருந்தேன். பாதிக் கடை, முழு மெஷின், பினாங்கு எல்லாம் ஏட்டய்யாவின் மீசையில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆரோக்கியம் அண்ணன் கையில் அகப்பையோடு வெளியே வந்து, மீசையைப் பார்த்து, அகப்பையோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஏட்டய்யா பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டே சொன்னார்: "க்ஹும். கொலைகாரன்கூட என் குரலைக் கேட்டா எழுந்து நிப்பான். இவன் கஞ்சி குடிக்கச் சொல்றான். மனசுல கள்ளம் இல்லாதவன், போய்ட்டு வரட்டும்."

கையா, தோலா?

அன்று சாயங்காலமே அப்பா என்னை நிற்கவைத்து வாக்கு வாங்கினார்: இனி யார் குரலையும் எடுக்கக் கூடாது. எடுத்தால் விண்ணப்பம் எழுதுகிற வேலையும் போகும், மதராஸ் ஹார்பர் பார்க்கிற ஆசையும் போகும். சலோமி அக்காவுக்குத் துணையாக நானும் மதராஸ் வருவதாகப் பேச்சு இருந்ததால் உடனே சம்மதித்தேன்.

வாக்குக் கொடுத்த மறுநாளே அம்மை குத்துகிறவர் வந்தார், மூக்காலேயே பேசுகிறவர். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சலோமி அக்கா கையைக் காட்டினாள், ஒரு நொடியில் முடிந்தது. ஆரோக்கியம் அண்ணன் கட்டுக் கட்ட வருவதற்கு முன், தோலைப் பதம் பண்ணுகிற ஆவாரம்பட்டைத் தொட்டியில் வருஷக்கணக்காக நின்றவர். பட்டைச் சாயம் தோள்வரை ஊறிக் கிடக்கிறது. அம்மைக்காரர் இங்கே அழுத்தினார், அங்கே கீறினார், வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். கடைசியில் கத்தியைத் துடைத்துக்கொண்டே மூக்கால் சொன்னார்: "இது கையா, பதம் பண்ண தோலா? கத்திதான் மழுங்குது, உனக்கு ஒன்னும் ஆவல!"

ஸ்டேஷன் வரைக்கும் நடை

நீங்களும் பட்டிருப்பீர்கள். கப்பலுக்குக் கிளம்பும்போதுதான் வீட்டிலுள்ள ஒவ்வொரு சாமானும் நம்மைப் பார்த்து, என்னை விட்டுவிட்டா போகிறாய் என்று கேட்கும். சலோமி அக்காவைக் கேட்டது ஒரு பித்தளை அண்டா. "ரெண்டே பேர் போறீங்க. அண்டா எதுக்கு? பினாங்குல கல்யாண விருந்தா ஆக்கப் போற?" என்றார் அப்பா. அவரிடம் இதற்கென்று ஒரு சட்டம் உண்டு: எதைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலிலிருந்து ஸ்டேஷன்வரை நடக்க முடியுமோ, அது போகலாம். சட்டத்தைக் கேட்ட பாதிப் பேர் உரலை அங்கேயே இறக்கிவைத்துவிட்டுப் போவார்கள்.

சலோமி அக்கா வீட்டுக்குப் போனாள். மெஷினைக் கழற்றி அண்டாவுக்குள் இறக்கினாள். அண்டாவைத் தலையில் தூக்கினாள். எங்கள் வாசலைத் தாண்டி ஸ்டேஷனுக்கு நடந்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து பார்த்ததும் திரும்பி நடந்து எங்கள் வாசலுக்கே வந்தாள். "பாருங்க அய்யா, ரெண்டும் ஒரே சாமான்" என்றாள். தோற்றுப்போன அப்பாவுக்கு எதையாவது தடுத்தே தீர வேண்டும். "அண்டா போவட்டும். கருவாடு மட்டும் கூடாது. நாத்தம் புடிச்சா கப்பல் டாக்டர் சாமானையே தூக்கி வெளிய போட்டுடுவான். எனக்கு வாக்குக் குடு" என்றார். சலோமி அக்கா அண்டாவை இறக்கி, மூச்சு வாங்கி, மிகவும் பணிவாகச் சொன்னாள்: "உங்க கண்ணுல ஒரு துண்டு கருவாடு பட்டா என்னை ஏன்னு கேளுங்க அய்யா."

நூல் பிரியாத கட்டு

மற்றவர்களுக்குச் சாமான் கட்டிக்கொடுக்க நாங்கள் ஆள் பிடிப்போம். ஆரோக்கியம் அண்ணன், கட்டுக் கட்டுகிறவன் வீட்டுச் சாமானை இன்னொருத்தன் தொடுவதா என்று கோபித்துக்கொண்டார். முதலாளியிடம் கேட்டு, ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மதியம் மண்டி முற்றத்திலேயே உட்கார்ந்து கட்டினார். நானும் பார்க்கப் போனேன். அண்டாவைச் சுற்றி வைக்கோல், வைக்கோலைச் சுற்றிப் பாய், பாயைச் சுற்றிப் பழஞ்சேலை. மேலே கோணி. உருண்டையான அண்டா அவர் கையில் சதுரமாகிவிட்டது. பக்கத்தில் அடுக்கியிருந்த தோல் கட்டுகளோடு வைத்தால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது.

தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்தார். ஒரு கட்டு முடிந்ததும் அவர் வலது கை என்ன செய்யுமோ அதைச் செய்தது: சுவரிலிருந்த முத்திரைத் தகட்டை எடுத்துக் கோணிமேல் வைத்து, கறுப்பு மையைத் தொட்டு ஒரு தேய்ப்பு. வட்டம், வட்டத்துக்குள் நட்சத்திரம். மண்டியின் முத்திரை. வாய் என்னோடு பேசிக்கொண்டே இருந்தது, கை தன் வேலையைப் பார்த்தது. நானும்தான் பார்த்தேன், எவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். கட்டின் மறுபக்கத்தில் நான் அவர்கள் பெயரையும் பினாங்கு என்பதையும் இங்கிலீஷில் எழுதின சீட்டைப் பசை போட்டு ஒட்டினேன். ஆரோக்கியம் அண்ணன் கட்டை ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் கட்டுன கட்டு பாப்பா இது. லண்டன் வரைக்கும் போனாலும் ஒரு நூலு பிரியாது!"

வாய் மட்டும் அசைந்தது

மண்டிக் கட்டுகளை ரயிலில் ஏற்றி, மதராஸ் ஹார்பரில் கப்பலில் ஏற்றுகிறவரை கூடவே போகிறவர் மேஸ்திரி காதர் பாய். அவர் குரல் இருக்கிறதே, அது குரல் இல்லை, இன்ஜின். "அரே உஷார்! பைய்யப் புடி, பைய்ய உடு!" என்று அவர் ஒரு முனையில் சொன்னால், மறுமுனையில் கட்டு தானாக நகரும். ஆரோக்கியம் அண்ணன் ஊரை விட்டுப் போவதில் அவருக்கு வருத்தம். "உன் சாமானுக்குத் தனியா எதுக்குப் பேஜாரு? நம்ம வேகன்லயே போட்டுடு. ஹார்பர்ல வந்து எடுத்துக்கோ, தோஸ்த்து" என்றார். அப்பாவுக்குப் பரம சந்தோஷம்.

கூட்ஸ் ஷெட்டில் கட்டுகள் ஏறினபோது நான் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு "உஷாரு"க்கும் என் தொண்டைக்குள் ஒரு எறும்பு ஊர்ந்தது. வாக்குக் கொடுத்தது குரலுக்குத்தானே, உதட்டுக்கு இல்லையே என்று சத்தமில்லாமல் அவரோடு கூடவே வாயசைத்துப் பார்த்தேன். காதர் பாய் திடீரென்று திரும்பினார். என் வாயையே பார்த்தார். பிறகு நிஜமான அக்கறையோடு கேட்டார்: "இன்னா பேட்டா, தொண்டை கட்டிக்கிச்சா? மிளகு கஷாயம் குடி."

காக்கா உட்கார்ந்த இடம்

வெள்ளிக்கிழமை மதியம் ஹார்பர். ஆரோக்கியம் அண்ணனும் சலோமி அக்காவும் டாக்டர் முன்னால் நாக்கை நீட்டி, கண்ணைக் காட்டி, தேறி வெளியே வந்தார்கள். பினாங்குக் கப்பல் புகை விட்டுக்கொண்டு நின்றது. மெஷின் கட்டைத் தேடிப் பிரயாணிகள் சாமான் வைக்கிற ஷெட்டுக்குப் போனோம். இல்லை. ஷெட்காரர் அசையாமல் கேட்டார், "இன்னா மார்க்கு?" ஆரோக்கியம் அண்ணன் வாயைத் திறந்தார். வலது கையை எடுத்துத் தன் கண் முன்னால் வைத்துப் பார்த்தார். "அய்யோ, வட்டம் நட்சத்திரம் அடிச்சிட்டேனே!" என்றார். ஷெட்காரர் அடுத்த கப்பலைக் காட்டினார். வட்டம் நட்சத்திரம் எல்லாம் லண்டனுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

ஓடினோம். அங்கே கட்டுகள் மலை மாதிரி. எல்லாம் ஒரே சதுரம், ஒரே முத்திரை. நான் ஒட்டின சீட்டு வழியிலேயே எங்கோ உதிர்ந்துபோயிருந்தது. காதர் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். "பாதிக் கடை போவுதுங்க" என்றாள் சலோமி அக்கா. அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அப்போது அவள் தலை மெதுவாக நிமிர்ந்தது. அத்தனை கட்டுகளில் ஒரே ஒரு கட்டின் மேல் மட்டும் காக்கைகள். ஏழெட்டு இருக்கும். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கோணியைக் கொத்துகின்றன. சலோமி அக்கா காக்கைகளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "கோச்சிக்காதீங்க அய்யா. அதுதான் நம்ம கட்டு. அண்டாவுக்குள்ள, மெஷினுக்கு அடியில... கொஞ்சம்போல நெத்திலி" என்றாள்.

அப்பாவுக்குக் கோபிக்க நேரமில்லை. அதற்குள் அந்தக் கட்டையும் வேறு சிலவற்றையும் வலையில் மாட்டிவிட்டார்கள். சங்கிலி இழுத்தது, கட்டு தரையை விட்டு எழும்பியது, காக்கைகளும் கூடவே எழும்பின. "நிறுத்துங்கப்பா! அது எங்க சாமான்!" என்று அப்பா கத்தினார். ஏஜெண்டு வேலைக்கு ஏற்ற மெல்லிய குரல் அவருக்கு. கூலிக்காரர் ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார், "மேஸ்திரி சொல்லாம ஒரு கட்டும் எறங்காது சாமி." கட்டு ஆள் உயரம் தாண்டிவிட்டது. ஆரோக்கியம் அண்ணன் இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு அதற்குக் கீழேயே நடந்தார். அப்பா என் பக்கம் திரும்பினார். முகம் வேர்த்திருந்தது. "எஸ்தரு... உனக்கு அந்தப் பாய் குரல் வருமா?" என்றார்.

எனக்கு வருமா! ஒரு கட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். அத்தனை நாள் அடைத்துவைத்திருந்தது ஒரேயடியாக வெளியே வந்தது: "அரே உஷார்! நிறுத்துடா! எறக்கு! பைய்ய எறக்கு! காக்கா உக்காந்த கட்டை இந்தாண்ட தள்ளு, ஜல்தி!" சங்கிலி நின்றது. மூச்சு விடாமல் இறங்கியது. கட்டை உருட்டிக்கொண்டுவந்து சலோமி அக்கா காலடியில் வைத்துவிட்டு, கூலிக்காரர்கள் மேஸ்திரி எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்தார்கள்.

மேஸ்திரி என் பின்னால் நின்றிருந்தார். தொழுகைத் தொப்பி இன்னும் தலையில் இருந்தது. ஆரோக்கியம் அண்ணன் ஓடிவந்து எல்லாவற்றையும் சொன்னார். காதர் பாய் கோணியின் மூலையை லேசாகப் பிரித்து முகர்ந்தார், தும்மினார், தார் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி வட்டத்தையும் நட்சத்திரத்தையும் தன் கையாலேயே அழித்தார். அதன் மேலே நான் பினாங்கு என்று எழுதினேன், இந்தத் தடவை சுண்ணாம்பில், பெரிதாக. கட்டைப் பினாங்குக் கப்பலுக்குத் தூக்கிப் போக நாலு பேரை அனுப்பிவிட்டு, காதர் பாய் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்: "நானே கத்தியிருந்தாலும் இவனுங்க இவ்ளோ ஜல்தியா எறக்கியிருக்க மாட்டானுங்க. நாளையிலர்ந்து நீ ஹார்பருக்கு வா, நான் போய் விண்ணப்பம் எழுதறேன்."

பூனை ஊர்வலம்

பாதிக் கடை இப்போது அவர்கள் கையில். போன வாரம் சலோமி அக்கா கடிதம் போட்டிருந்தாள். மெஷின் பாடுகிறதாம். அண்டாவில் தோல் ஊறவைக்கிறார்களாம். ஆரோக்கியம் அண்ணன் கடைக்கென்று ஒரு முத்திரைத் தகடு வெட்டியிருக்கிறார்; அதை அவர் கைக்கு எட்டாத உயரத்தில் அவள் மாட்டிவைத்திருக்கிறாள். ஒரே ஒரு குறை. நெத்திலி வாசனை மெஷினை விட்டு இன்னும் போகவில்லை, தைக்கிற ஒவ்வொரு ஜோடியிலும் கொஞ்சம் ஏறிவிடுகிறது. முதல் ஜோடி வாங்கிப் போன நம்மூர் ஆள் ஒருவர் மறுநாள் திரும்பி வந்து சொன்னதை அவள் அப்படியே எழுதியிருக்கிறாள்: "செருப்பு பிரமாதம், தங்கச்சி. ஆனா வீடு போய்ச் சேர்ற வரைக்கும் பூனைங்க பின்னாடியே வருது."

இத்தனை ஆபீசும் இத்தனை முத்திரையும் சேர்ந்தும் அனுப்ப முடியாமல் போக இருந்த ஒரு குடும்பத்தைக் கப்பல் ஏற்றியது, எடுத்துப் போகவே கூடாது என்று அப்பா அக்காவிடம் வாக்கு வாங்கின கருவாடும், எடுக்கவே கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கின குரலும்தான்.